மடியில் கனம்: உடையும் உறையும் வளர்ந்த வரலாறு

"மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்" என்பது தமிழ் வழங்கும் இடங்களிலெல்லாம் கேட்கப்படும் பழமொழி. மடி என்பது இடையில் உடுத்த ஆடையின் மடிப்பு. பணம், வெற்றிலை, சாவி, கடிதம் முதலியவற்றைத் தமிழர் நெடுங்காலம் அங்கேதான் வைத்தனர். சிற்சில வேளைகளில் கத்தியும் அங்கே இருந்தது. ஆயுதத்தை இடையில் வைத்து நடப்பவன் அதைப் பிறர் காண வைத்தானா, காணாதவாறு வைத்தானா என்பது சிறிய வேறுபாடுபோலத் தோன்றும். ஆயினும் இலக்கியம் அவனை மதித்ததும், அரசு அவனைத் தண்டித்ததும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கொண்டே ஆகும். மலாயாவில் இந்த வேறுபாட்டையே சட்டம் பொருட்படுத்தாமல் விட்ட ஒரு காலமும் இருந்தது. அக்காலத்தில் தமிழர் சிலர் தூக்குமேடைவரை செல்ல நேர்ந்தது.

கோலாலம்பூருக்குத் தெற்கே உள்ள காஜாங் நகரம் இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான இடம். மலாய் மொழியில் 'காஜாங்' என்னும் சொல்லுக்கு ஓலையால் முடைந்த மேல்மூடி என்று பொருள். படகையும் வண்டியையும் மழை வெயிலிலிருந்து காக்க அதனை இட்டனர். இவ்வூரைச் சூழ்ந்த பகுதியில்தான், 1890களில், கிண்டர்ஸ்லி சகோதரர் தம் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் இரப்பரை வாணிகப் பயிராக நட்டனர். மலாயாவில் அவ்வாறு நட்டவருள் அவர்கள் முன்னோடிகள். இரப்பரைத் தொடர்ந்து தமிழ்த் தொழிலாளர் வந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின் அதே தோட்டங்களின் நடுவே துப்பாக்கியும் வந்தது.

சொல் கூறும் செய்தி

ஆயுதம் தாங்கும் முறையைத் தமிழ்ச் சொற்களே ஓரளவு விளக்குகின்றன. இடையிலே கட்டப்படும் வாளுக்கு 'உடைவாள்' என்று பெயர். போர்க்களத்திற்கு மட்டும் எடுத்துச் செல்லும் படைக்கலத்தினின்றும் வேறுபடுத்தி, உடையோடு உடையாக எப்பொழுதும் உடன் இருப்பது என்பதை இப்பெயர் காட்டுகின்றது. அதனினும் சிறியது 'சுரிகை'. வாள் தங்கும் கூட்டுக்கு 'உறை' என்று பெயர். 'உறைதல்' என்னும் வினைக்குத் தங்குதல், வாழ்தல் என்பன பொருள். ஆயுதத்தை மறைப்பது உறையின் முதற் பணி அன்று. அது தங்குவதற்குரிய இடத்தைத் தருவதே முதற் பணி. கூரிய முனை அணிந்தவனையே கிழித்துவிடாமல் காப்பதும், வேண்டும்போது கைக்கு எட்டுவதும், வேண்டாதபோது நழுவாமல் இருப்பதும் நல்ல உறையின் மூன்று இலக்கணங்கள். வாளுறைக்குப் பொருந்தும் இம்மூன்றும் துப்பாக்கி உறைக்கும் மாறாமல் பொருந்தும்.

சங்க நூல்களில் செறிவுடை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் பெருவழியில் செல்லும் வணிகரின் தோற்றம் விரிவாகக் கூறப்படுகின்றது. அவர்கள் பாதத்தை மூடும் செருப்பு அணிந்தவர்கள். உடம்பில் சட்டை இட்டவர்கள். அம்பு பட்டு ஆறிய வடுவுள்ள மார்பினர். வரிகள் கலந்த கச்சிலே வெண்மையான பிடியுடைய வாள் பூண்டு, அது பக்கத்தில் தொங்குகின்றது. மலைமேல் ஊரும் பாம்பைப் புலவர் அதற்கு உவமையாக்குகின்றார். அதன் பின்னர் மற்றோர் ஆயுதமும் சொல்லப்படுகின்றது. சுற்றி இறுகக் கட்டிய உடையினுள்ளே சுரிகை நுழைந்திருக்கின்றது.

ஆசிரியர் இரண்டு ஆயுதங்களை இரண்டு வகையாக வைத்துக் காட்டியிருப்பது நோக்கத்தக்கது. வாள் கச்சிலே தொங்குகின்றது. சுரிகை உடைக்குள் செருகப்பட்டிருக்கின்றது. முன்னது தொலைவிலிருந்தே காணத்தக்கது. வழிப்பறி செய்வோனை அஞ்சி விலகச் செய்வது அதன் வேலை. பின்னது நெருக்கத்தில் பயன்படுவது. வாள் கைநழுவிய நிலையிலும் சுரிகை உடம்போடு ஒட்டியிருக்கும். இருவகைக்கும் அடிப்படையாக இருப்பது புலவர் கூறும் 'செறிவுடை'. உடை தளர்ந்திருப்பின் சுரிகை நில்லாது. உடை இறுகியிருந்தாலன்றி இடையில் ஆயுதம் இருத்தல் இயலாது என்ற செயல்முறை அறிவு இங்கே வெளிப்படுகின்றது.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டும் இதற்குத் துணை செய்கின்றது. அரசனது பாசறையில் காவல் செய்யும் யவனர் சட்டை அணிந்தவர். இறுகிய உடையைச் சுற்றிக் குதிரைச் சம்மட்டியை வளைத்துக் கட்டியவர். அதே பாசறையில் விளக்கேற்றும் மங்கையரும் வரிக் கச்சிலே திண்ணிய பிடியுடைய ஒளிவாள் பூண்டிருக்கின்றனர். ஆண்களுக்கு மட்டும் உரியதாக உடைவாளைக் கருதுவோர் இவ்விடத்தை மீண்டும் படித்தல் நலம். இம்மங்கையரின் வாளும் வெளிப்படையாகவே இருந்தது. ஒளி வீசும் வாள் என்று புலவர் கூறுவதற்கு அது கண்ணுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

பிற்காலத்துச் செங்கம் வட்டார நடுகற்களிலும் வீரர் இடையில் குறுவாள் காணப்படுகின்றது. நாயக்கர் காலத்தில் கட்டாரி பெருவழக்காயிற்று. தஞ்சை அரண்மனைப் படைக்கொட்டிலில் இருந்த கட்டாரிகள் பல, 19ஆம் நூற்றாண்டில் அது கலைக்கப்பட்ட பின்னர், சென்னை அரசு அருங்காட்சியகத்தையும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களையும் சென்றடைந்தன. அவற்றின் பிடியில் உள்ள நுண்வேலைப்பாடு மறைத்து வைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. காண்பவர் மதிக்கும்பொருட்டே அவ்வேலைப்பாடு செய்யப்பட்டது. உறைக்கு வெளியே நிற்பது பிடி ஒன்றே ஆதலின், கைவினைஞர் தம் திறமையை அங்கே காட்டினர்.

கரந்த படை

வெளிப்படையாகத் தாங்கிய ஆயுதத்தைத் தமிழ் இலக்கியம் மதித்தது. கரந்த ஆயுதத்தை இகழ்ந்தது. திருக்குறளின் கூடாநட்பு அதிகாரத்தில் வள்ளுவர், பகைவர் கூப்பிய கையினுள்ளும் கொலைக்கருவி ஒடுங்கியிருக்கக்கூடும் என எச்சரிக்கின்றார். அவர் சிந்தும் கண்ணீரும் அத்தன்மையதே என்கின்றார். கைகூப்புதல் ஆயுதம் இல்லை என்பதற்கு அடையாளமாகத் தோன்றும் செயல். அச்செயலையே உறையாக்கிக்கொள்வதுதான் வள்ளுவர் காட்டும் கொடுமை.

இக்கருத்துக்கு வரலாற்று உருவம் தந்தது போன்றது, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் வரும் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. திருக்கோவலூரிலிருந்து ஆண்ட மெய்ப்பொருளாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், சிவனடியார் கோலம் பூண்டு அரண்மனைக்குள் புகுந்தான். அவன் ஆயுதத்தை இடையில் வைக்கவில்லை. சுவடிக் கட்டினுள் மறைத்துக் கையில் ஏந்திச் சென்றான். வாயில்காவலன் தத்தன் தடுக்க முயன்றும் உள்ளே சென்றான். வேறெங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்று தன்னிடம் உள்ளதாகக் கூறி, அரசியையும் விலகச் செய்து, அரசனைத் தனிமையில் இருத்தினான். கட்டை அவிழ்ப்பவன்போல் ஆயுதத்தை எடுத்துக் குத்தினான். மெய்ப்பொருளாரோ அவன் வேடத்தை மதித்து, அவனுக்குத் தீங்கு நேராமல் ஊர் எல்லை கடத்திவிடுமாறு தத்தனுக்கு ஆணையிட்டார்.

இவ்வரலாற்றில் சமயப் பொருளுக்கு அப்பால் ஒரு நடைமுறை உண்மையும் பொதிந்துள்ளது. மறைத்த ஆயுதத்தை எடுப்பதற்குக் காலம் வேண்டும். இடையில் தொங்கும் வாளை ஒரு நொடியில் உருவலாம். கட்டினுள் இருப்பதைக் கட்டவிழ்த்தே எடுக்க வேண்டும். அக்காலத்தைப் பெறுவதற்காகவே முத்தநாதனுக்குத் தனிமையும் பொய்யும் தேவைப்பட்டன. மறைவு மிகுந்தால் விரைவு குறையும். விரைவு மிகுந்தால் மறைவு குறையும். ஆயுத உறையின் வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த இழுபறி எனலாம்.

சாரோங்கும் கிரிஸும்

தமிழர் குடியேறிய மலாய் நாட்டில் உடைக்கும் உறைக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. மலாய் மொழியில் இடையில் உடுத்தும் ஆடையும் 'சாரோங்'. கிரிஸ் என்னும் குறுவாளின் உறையும் 'சாரோங்'. உடம்பை மூடுவதற்கும் வாளை மூடுவதற்கும் ஒரே சொல் வழங்குவது தற்செயலானதாகத் தோன்றவில்லை. இரண்டும் உள்ளே இருப்பதைச் சூழ்ந்து காக்கும் கூடுகளே.

கிரிஸ், இடையைச் சுற்றிய துணியின் மடிப்பில் செருகப்படும். மலாய் வழக்கில் அது பெரும்பாலும் இடப்பக்கத்து முன்புறம் அமையும். சாவக நாட்டுச் சடங்குடையில் முதுகுப்புறம் செருகப்படும். வலக்கையால் உருவுதற்கு எளிதாக இருக்கும் இடத்தில் வைப்பது ஒரு வகை. விருந்தினர்முன் ஆயுதத்தைப் பின்னே தள்ளி வைப்பது மற்றொரு வகை. எவ்வகையிலும் அதன் பிடி வெளியே தெரிந்தது. பிடியின் மரமும் உலோகமும் அணிந்தவனது குடியையும் நிலையையும் அறிவித்தன. பொன்னணி கிரிஸ் அரசன் அருளியவர்க்கே உரியது என்னும் அரண்மனை மரபும் இருந்தது. 2005ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு இந்தோனேசியக் கிரிஸை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. மலாய்த் திருமணங்களில் மணமகன் இன்றும் கிரிஸ் அணிகின்றான். ஒரு நாள் அரசனாகக் கருதப்படும் அவனுக்கு அது அணிகலன்.

சட்டைப்பையும் கைத்துப்பாக்கியும்

வாள் நீண்டது, அதனை மறைத்தல் அரிது. ஐரோப்பியர் கண்ட சிறு கைத்துப்பாக்கி இந்நிலையை மாற்றியது. 1836இல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். படைவீரர் அதனைத் தடித்த தோலுறையில் இட்டு, மேலே மூடியும் பூட்டி, இடுப்புவாரில் வெளிப்படையாகத் தொங்கவிட்டனர். நகர மாந்தர் மேற்சட்டையின் உட்பையிலோ இடுப்பிலோ மறைத்தனர். ஆபிரகாம் லிங்கனை 1865இல் கொன்றது உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள ஒரு துப்பாக்கியே.

மறைவுக்கு எதிரான சட்டம் துப்பாக்கி பெருகுமுன்பே தோன்றிவிட்டது. 1813இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், வழிப்பயணம் செல்வோர் நீங்கலாக ஏனையோர் ஆயுதத்தை மறைத்து அணிவதைத் தடை செய்தது. வெளிப்படையாக அணிவதை அச்சட்டம் தடுக்கவில்லை. கைத்தடிக்குள் வாளை மறைத்து வைத்திருந்த ஒருவர் அச்சட்டப்படி தண்டிக்கப்பட்டார். 1822இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டமே செல்லாது என்றது. பின்னர் 1850இல் கென்டக்கியின் புதிய அரசியலமைப்பு அத்தகைய தடைக்கு இடம் தந்தது. பயணிக்கு விலக்கு அளித்த அச்சட்டம், பெருவழி வணிகர் இரண்டு ஆயுதம் பூண்ட சங்க காலக் காட்சியை நினைவூட்டுகின்றது. வழிச்செல்வோனுக்கு ஆயுதம் வேண்டும் என்பதும், ஊருக்குள் மறைத்த ஆயுதம் ஐயத்திற்கு உரியது என்பதும் இரு நாட்டார்க்கும் பொதுவான எண்ணங்களாக இருந்தன.

இருபதாம் நூற்றாண்டில் மேற்சட்டை குறைந்து, காற்சட்டைக்குள் செருகிய சட்டை அலுவலக உடையாயிற்று. மறைத்து வைப்பவனுக்கு இவ்வுடை மிகவும் இடைஞ்சலானது. வெளியே தொங்கும் சட்டை இடுப்பை மூடும். உள்ளே செருகிய சட்டை இடுப்பைத் திறந்து காட்டிவிடும். ஆயுத உரிமம் எளிதாகக் கிடைக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில் இதற்கெனத் தனி உறை செய்யப்பட்டது. அவ்வுறை காற்சட்டைக்கு உட்புறம் உடம்போடு ஒட்டி நிற்கும். அதன் கொக்கி வெளியே வந்து இடுப்புவாரைப் பற்றும். உறைக்கும் கொக்கிக்கும் இடையே விடப்பட்ட சந்தில் சட்டையின் கீழ்ப்பகுதி செருகப்படும். சட்டை துப்பாக்கியின்மேல் தொங்க, வாரின்மேல் சிறு கொக்கி மட்டுமே வெளியே தெரியும்.

அவ்வுறையைத் தேர்வோர் ஆராயும் இலக்கணங்கள் பழைய வாளுறையின் இலக்கணங்களே. துப்பாக்கியின் விசையை உறை முழுதும் மூட வேண்டும். துணி சிக்கி விசை அமுங்கினால் அணிந்தவனுக்கே கேடு. குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கி நழுவாமல் இறுக்கமாக நிற்க வேண்டும். இடுப்புவார் தடித்து விறைப்பாக இருக்க வேண்டும்; தளர்ந்த வாரில் உறை சாயும். காற்சட்டையின் இடைச்சுற்றில் சற்றே இடம் வேண்டும். துப்பாக்கியை எடுத்த பின்னும் உறையின் வாய் மூடிக்கொள்ளாமல் விரிந்து நின்றால்தான் அதனை மீண்டும் பாதுகாப்பாக இடலாம். முற்காலத்தில் தோலால் செய்தனர். பின்னர் சூட்டில் இளகி வடிவம் கொள்ளும் பிளாஸ்டிக்கும் வழக்கில் வந்தது. தோல் உடம்புக்கு மென்மையானது. வியர்வையில் நாளடைவில் தளரும். பிளாஸ்டிக் வடிவம் மாறாது, உடம்பை உறுத்தும். எதைத் தேர்ந்தாலும் ஒரு குறை நீங்குவதில்லை. செருகிய சட்டையை ஒரு கையால் மேலே இழுத்த பின்னரே மற்றொரு கையால் துப்பாக்கியை எடுக்க முடியும். முத்தநாதனின் சுவடிக் கட்டுப் போன்றே இதுவும் விரைவை விலையாகக் கொடுத்து மறைவை வாங்குகின்றது.

உடைக்கும் ஆயுதத்திற்கும் உள்ள தொடர்பு பற்றிப் பல கதைகளும் எழுந்தன. பிலிப்பைன்ஸ் மக்கள் அணியும் மெல்லிய 'பாரோங்' சட்டை உடம்பு தெரியும்படி இருப்பதற்கும், வெளியே தொங்குவதற்கும் ஸ்பானியர் ஆணையே காரணம் என்பர். மக்கள் ஆயுதம் மறைக்காதிருக்க அவ்வாறு விதித்தனர் என்பர். அத்தகைய ஆணைக்குச் சான்று கிடைக்கவில்லை; அந்நாட்டின் வெப்பத்திற்கும் அங்கே விளையும் அன்னாசி நாருக்கும் ஏற்ப அமைந்த உடையே அது என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். எனினும் அத்தகைய கதை பிறந்து நிலைத்ததே, ஆளுவோர் குடிகளின் இடுப்பை ஐயத்துடன் நோக்கினர் என்னும் மக்கள் நினைவைக் காட்டுகின்றது. இந்தியாவில் அவ்வையம் கதையன்று, சட்டமாகவே வந்தது. லிட்டன் பிரபு காலத்தில் இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது.

அவசரகாலத்து மலாயா

1948 ஜூன் 16இல் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31வரை நீடித்தது. தோட்டத் துரைமார் இடுப்புவாரில் உறையிட்ட துப்பாக்கியுடன் இரப்பர் நிரைகளின் நடுவே நடந்தனர். அவர்தம் உறை வெளிப்படையானது. அதற்கு அரசின் உரிமம் இருந்தது. காட்டிலிருந்து வந்தவர்களும், காட்டினர்க்கு உதவியவர்களும் வைத்திருந்தது மறைவில் இருந்தது. இவ்விரு ஆயுதங்களுக்கும் நடுவே, பால்வெட்டும் கத்தியும் வாளியும் தவிர வேறொன்றும் இல்லாத தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்தனர்.

காஜாங் வட்டாரம் அக்காலத்தில் கடுமையான களமாக இருந்தது. தாடியினால் பெயர் பெற்ற லியூ கொன் கிம் என்னும் கம்யூனிஸ்டுத் தலைவரின் பெயரோடு பத்திரிகைகள் இவ்வூரை இணைத்து எழுதின. 1952இல் பிரிட்டிஷ் சஃபோக் படைப்பிரிவினர் சதுப்புக் காட்டில் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

அவசரகால விதிகள், அதிகாரமின்றித் துப்பாக்கி தாங்குவதற்கு மரண தண்டனை விதித்தன. மறைத்தானா, காட்டினானா என்பது அங்கே கேள்வியாகவில்லை. எடுத்தானா, சுட்டானா என்பதும் கேள்வியாகவில்லை. உடன் இருந்தது என்பது நிறுவப்பட்டு, அதிகாரம் இருந்ததென்று காட்டப்படாவிடின், நீதிபதிக்கு வேறு தண்டனை இல்லை. குற்றத்தின் அளவைக் குறிக்கும் பழைய வேறுபாடுகள் அனைத்தும் ஒரே விதியில் கரைந்தன.

இவ்விதியில் சிக்கிய தமிழருள் முதன்மையானவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த இவர் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். பின்னர் அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானவர். 1948 ஜூனில் அக்கூட்டமைப்பின் பதிவு இல்லாமற் போயிற்று. 1949 மார்ச் 1ஆம் நாள், கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங் அருகிலுள்ள வாட்டர்ஃபால் தோட்டப் பகுதியில் அவர் கைது செய்யப்பட்டார். கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அம்மாதத்திலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசு அவர் உயிரைக் காக்க முயன்றது, பயன் விளையவில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைது நாளுக்கும் தூக்கு நாளுக்கும் இடையே நின்றவை இரண்டு மாதங்களும் சில நாட்களுமே. யாரையும் அவர் சுட்டதாக அவ்வழக்கில் குற்றம் சாட்டப்படவில்லை.

மற்றொருவர் வேறு முடிவைக் கண்டார். 1948 செப்டம்பரில் ஜொகூரில் நடந்த ஒரு கைகலப்பில் படுகாயமுற்ற சாம்பசிவம் என்னும் தமிழ் இளைஞர்மீது இரண்டு குற்றங்கள் சுமத்தப்பட்டன. துப்பாக்கி தாங்கியது ஒன்று. தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றத்தினின்று அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றத்திற்கு மறு விசாரணை நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. அம்மறு விசாரணையில் சான்றாக வைக்கப்பட்ட வாக்குமூலம், துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஒருங்கே ஒப்புக்கொள்வதாக இருந்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. ஒருமுறை விடுதலை செய்யப்பட்ட குற்றத்தைப் பொறுத்தவரை அத்தீர்ப்பே முடிவானது. அதற்கு மாறானதை அரசுத் தரப்பு பின்னர் நிலைநாட்ட முயலக் கூடாது என்று 1950இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துத் தண்டனையை நீக்கியது. ஒரு குற்றத்தினின்று விடுதலை பெற்றவரை அதே குற்றம் செய்தவராகக் காட்டும் வாக்குமூலத்தைக் கொண்டு மற்றொரு குற்றத்தை மெய்ப்பித்தது முறையன்று என்பதே சாரம். ஆங்கிலச் சட்டமுறையைப் பின்பற்றும் பல நாடுகளில் இத்தீர்ப்பு இன்றும் எடுத்துக் காட்டப்படுகின்றது. தமிழர் ஒருவரின் பெயர் உலகச் சட்ட நூல்களில் ஏறியது இவ்வாறே.

இவ்விரு வழக்குகளையும் ஒப்பு நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஒருவர் இறந்தார், மற்றவர் பிழைத்தார். பிழைத்தவரைக் காத்தது, அவர் ஏன் ஆயுதம் வைத்திருந்தார் என்னும் ஆராய்ச்சி அன்று. விசாரணை முறையில் நேர்ந்த பிழையே. நோக்கத்தை எடைபோட அவ்விதி இடம் தரவில்லை. ஆகவே முறையில் உள்ள பிழை ஒன்றுதான் உயிருக்கு வழியாயிற்று.

பின் வந்த சட்டங்கள்

அவசரகாலம் முடிந்த பின்னும் ஆயுதம் பற்றிய அச்சம் முடியவில்லை. அவசரகாலம் முடியுமுன்பே வந்த 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி முதலிய கொடுங்கருவிகளை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. சடங்குடையின் பகுதியாக அணிவதற்கு விலக்கு அளித்தது. மணமகனது கிரிஸ் இவ்வாறு சட்டத்தின் கண்ணிலும் அணிகலனாகவே நின்றது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி உரிமங்களை முறைப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அதிகாரமின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை என்னும் பழைய விதியைத் தொடர்ந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைப் பெருக்கியது. அதன்படி, சட்டவிரோதமாக வைத்திருப்பவருக்கு 14 ஆண்டுவரை சிறையும் 6க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. கொள்ளை முதலிய குற்றங்களின்போது சுட்டவருக்கு மரணமே கட்டாயத் தண்டனை ஆயிற்று.

புடு சிறை 1996இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. தூக்குமேடை இருந்த மற்றொரு சிறை காஜாங்கில் உள்ளது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. வைத்திருந்ததற்கு மட்டுமே உயிரைப் பறிக்கும் விதியும் அதனோடு போயிற்று. 2018 முதல் தூக்கு நிறைவேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2023 ஜூலை 4இல் நடைமுறைக்கு வந்த சட்டம் மரண தண்டனையின் கட்டாயத் தன்மையை நீக்கியது. மரண தண்டனை ஒழியவில்லை. ஆயினும் அதற்கு மாற்றாக 30 முதல் 40 ஆண்டுவரை சிறை விதிக்க நீதிபதிக்கு இடம் கிடைத்தது. குற்றவாளியின் நோக்கமும் சூழ்நிலையும் தண்டனையில் மீண்டும் எடைபோடப்படலாயின.

மெய்ப்பொருளாரின் வாயில்காவலன் தத்தன் செய்ய விரும்பியது, உள்ளே வருபவனை நிறுத்தி ஆராய்வது. மெய்ப்பொருளார் செய்தது, ஆராயாமலே அவனை மன்னிப்பது. அவசரகால விதி செய்தது, ஆராயாமலே தண்டிப்பது. நடுநிலையான நீதி இவற்றுள் தத்தனின் வழிக்கு நெருங்கியது. வந்தவன் யார், அவன் கையில் இருப்பது என்ன, அது ஏன் அங்கே இருக்கின்றது, அவன் அதைக் கொண்டு யாது செய்தான் என்று கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் உரிய எடை தருவதே அது.

தமிழ் நூல்கள் கச்சையும் செறிவுடையையும் சுரிகையையும் இத்துணை நுணுக்கமாகப் பதிந்து வைத்திருப்பது, ஆயுதம் தாங்குவோனை அவன் தாங்கும் முறையைக் கொண்டு அறிய வேண்டும் என்னும் எண்ணத்தாலேயே. பெருவழி வணிகனது சுரிகையும் முத்தநாதனது கத்தியும் ஒரே நீளமுடையனவாக இருந்திருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்தியது அவை தங்கிய இடம். ஒன்று காவலுக்காக இறுகிய உடையில் இருந்தது. மற்றொன்று வஞ்சத்திற்காகச் சுவடியில் இருந்தது. மாணவர்க்கு 'உறை' என்னும் சொல்லை விளக்கும் ஆசிரியர், மெய்ப்பொருளார் வரலாற்றோடு புடு சிறையின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லலாம். மடியில் இருப்பது என்ன என்று மட்டும் கேட்டு, அது ஏன் இருக்கின்றது என்று கேளாத சட்டத்தின்கீழ், குற்றமுள்ளவனுக்கும் குற்றமில்லாதவனுக்கும் வழியில் பயம் ஒன்றாகவே இருக்கும்.